இரண்டாவது துளை

“எல்லா வெண்ணெயும் நல்லா இருக்கான்னு நீ பாக்குற. நீ நல்லா இருக்கியான்னு யாருப்பா பாக்குறா?”

கெல்சி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. சனிக்கிழமைகளில் அவளுக்குப் பள்ளி இல்லை, அம்மாவுக்கு வேலை இருந்தது. அதனால் அப்பாவோடு வெண்ணெய் ஆலைக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். அவள் அப்பா லோரன் முப்பது கிலோ பெட்டியின் இடது மூலையில் நீண்ட எஃகுத் துளைக்கோலை இறக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, விரல் கனத்துக்கு வெண்ணெயை உருவி எடுப்பார். மூக்குக்கு அடியில் ஒரு முறை நகர்த்துவார். நுனியைக் கடித்து நாக்கில் உருகவிட்டு வடிகாலில் துப்புவார். மிச்சத்தை அதே துளைக்குள் செருகிக் கட்டைவிரலால் தடவி மூடுவார். நல்ல பெட்டி வரிசைக்குப் போகும். தேறாத பெட்டியை, அதன் சீட்டு சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிடுவார். அதற்குமேல் பேச்சு கிடையாது. சுவரைப் பார்த்த பெட்டியை அந்த ஆலையில் எவரும் தொடமாட்டார்கள்.

“கடவுள் பாத்துக்குவாரு” என்றார் லோரன்.

“கடவுளுக்கு வெண்ணெய் பிடிக்குமா?”

“உப்புப் போட்டதுன்னா பிடிக்கும்.”

அவள் அதை ஒப்புக்கொண்டுவிட்டாள். பதில் சொல்லிவிட்டதாக அவரும் நினைத்துக்கொண்டார்.

பதினாறு வருஷம் கழித்து, அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மதியம் இரண்டரை மணிக்கு, ருடியின் பீர் ஆலையில் இரண்டாவது கோப்பையை மூக்கருகே கொண்டுபோன நொடியில் அந்தக் கேள்வி லோரனுக்கு மறுபடியும் கேட்டது.

ருடி ஹலாமா பத்தொன்பது வருஷம் அவரோடு அதே வெண்ணெய் ஆலையில் கடையும் உருளையை ஓட்டியவர். ஆலையை மூடியபோது லோரன் லூத்தரன் தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். குளிருக்கு உலையை மூட்டுவது, புல் வெட்டுவது, ஞாயிற்றுக்கிழமைக் காபிக்குப் பிறகு அடித்தளத்தைத் துடைப்பது என்று அவருக்குப் பிடித்த வேலைகள். ருடியும் அவர் மனைவி மார்சியாவும் ஊரின் பழைய தீயணைப்பு நிலையத்தை வாங்கினார்கள். வண்டி நின்ற இடத்தில் பீர்த் தொட்டிகள் வந்தன. வீரர்கள் வழுக்கி இறங்கும் பித்தளைக் கம்பம் அப்படியே நிற்கிறது. குடிப்பவர்கள் அதில் கோட்டை மாட்டுவார்கள். பீர் பிடிக்கும் டேப்களின் கைப்பிடிகள் எல்லாம் தீயணைப்புக் குழாயின் பழைய பித்தளை மூக்குகள்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை லோரன் இங்கே வந்து, நான்கு குழிகள் வைத்த மரப்பலகையில் நான்கு சின்னக் கோப்பைகளை வாங்கி, ஒரு மணி நேரம் வைத்துக் குடித்துவிட்டுப் போவார். இன்றைக்கு வழக்கத்துக்கு முன்னதாகவே வரச்சொல்லி மார்சியா காலையில் போன் செய்திருந்தாள்.

“நாலு மணிக்கு மினியாபோலிஸ்லேருந்து ஆளுங்க வர்றாங்க. நாப்பது உணவகத்துக்கு பீர் எடுக்குறவங்க. நம்ம லாகர் பீரைத்தான் பாக்க வர்றாங்க. நீ முன்னாடியே வந்து உக்காந்தா ருடிக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “இது அமையலேன்னா வசந்த காலம் வரைக்கும் கதவைத் திறந்து வச்சிருப்போமான்னு தெரியல, லோரன். அவர்கிட்ட இதைப் பேசிடாதே.”

கதவைத் திறந்ததுமே கருகிய காபி வாசனை அவர் முகத்தில் அறைந்தது. கல்லாவுக்குப் பின்னால் சூட்டுத்தட்டின்மேல் கண்ணாடிக் குடுவையில் காபி வற்றித் தாராகியிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு ருடி நிதானமாகக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாய்யா. முகம் ஏன் இப்படி இருக்கு? பாதிரியார் திட்டினாரா?”

லோரன் பதில் சொல்வதற்குள் பின்பக்கத்திலிருந்து மார்சியா ஓடிவந்தாள். “ருடி! காபி கருகி ஊரே நாறுது. உன் மூக்கை என்ன வாடகைக்கு விட்டிருக்கியா?”

ருடி சிரித்தார். சிரிப்பு வருவதற்கு முன் அரை நொடி ஒரு தாமதம் இருந்தது. அந்த அரை நொடியில் அவர் முகத்தில் வந்து போனதை மார்சியா கவனிக்கவில்லை. குடுவையைத் தூக்கிக்கொண்டு அவள் தொட்டிப்பக்கம் போய்விட்டாள். லோரன் பார்த்துவிட்டார். இருட்டில் படி தவறிய மனிதனின் முகம் அது. அவருக்கு அந்த முகம் உள்ளிருந்து தெரியும்.

போன மார்ச்சில் ருடிக்குக் கடுமையான காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்திருந்தார். அதற்குப் பிறகு எழுந்து நடமாடினார், காய்ச்சினார், விற்றார். இந்த ஏழு மாதத்தில் அவர் ஒரு தடவைகூட ஒரு பீரைப் பற்றி முதலில் வாய் திறக்கவில்லை என்பது லோரனுக்கு இப்போதுதான் உறைத்தது. முன்பெல்லாம் கோப்பையை நீட்டும்போதே ‘இதுல ஆரஞ்சுத் தோல் வருது பார், கடைசியில மிளகு வரும் பார்’ என்று மூச்சு விடாமல் பேசுகிறவர். இப்போது கோப்பையை வைத்துவிட்டுக் குடிக்கிறவரின் முகத்தைப் பார்க்கிறார்.

பலகை வந்தது. முதல் கோப்பை கோதுமை பீர். குறை இல்லை. இரண்டாவது, மூன்றாம் டேப்பிலிருந்து வந்த லாகர். வைக்கோல் நிறம், தெளிவு, மேலே நெருக்கமான வெள்ளை நுரை. பார்க்கிறவர்கள் குறை சொல்லமுடியாது. லோரன் மூக்கருகே கொண்டுபோனார். வெண்ணெய்.

கொஞ்சநஞ்சமாக இல்லை. புதிதாகக் கடைந்து உப்புப் போடுவதற்கு முன்னால் எழும்புமே, அந்த முழு வாசனை. இருபது வருஷம் அதைத் தேடித் தேடித்தான் அவர் சம்பாதித்தார். பெட்டியில் அந்த வாசனை இருந்தால் முதல் தரம், இல்லாவிட்டால் இரண்டாம் தரம். இங்கே அதற்கு இடமில்லை. வெளுத்த லாகரில் வெண்ணெய் மணந்தால், கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரு வாய் குடித்தார். நாக்கின் மேல் எண்ணெய்போல் வழுக்கியது.

“எப்படி?” என்றார் ருடி. கண் இமைக்கவில்லை.

பக்கத்து முக்காலியில் ஹெர்ப் இருந்தார். பால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சுவரில் தொங்கும் பதினான்காம் எண் குவளை அவருடையது. கேட்கிறவர் இல்லாவிட்டாலும் பேசிக்கொண்டிருப்பார்.

“அவனை ஏன் கேக்குற, என்னைக் கேளு. இத்தனை வருஷத்துல இதுதான்யா பிரமாதம். சினிமாக் கொட்டகையில பாப்கார்ன் வாங்குனா வருமே, அந்த வாசனை! என்னத்தைப் போட்டே?”

ருடியின் கையிலிருந்த துணி நின்றது. “அது மால்ட்” என்றார், பீருக்குப் போடும் முளைத்த பார்லியைச் சொல்லி. மிக வேகமாகச் சொல்லிவிட்டார். பிறகு தானே ஒரு கோப்பையில் பிடித்து மூக்கருகே வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. பூட்டிய கதவின் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்து உள்ளே பார்க்க முயல்கிறவர்போல் நெடுநேரம் நின்றார். “மால்ட்தான்” என்று இன்னொரு தடவை சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இரண்டே முக்கால்.

மார்சியாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஏழு வருஷமாக பீர் விற்றும் தனக்கு அது சோப்புத் தண்ணீர்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறவள் அவள். ஹெர்ப்புக்கு எது ஊற்றினாலும் பிரமாதம். இந்த ஊரில் இந்தக் குறையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய நாக்கு ஒன்றே ஒன்றுதான். நாலு மணிக்கு வருகிற நாக்குகள் வெளியூர்.

லோரன் கோப்பையைப் பலகையின் குழியில் திரும்ப வைத்தார். சொல்லிவிடலாம். சொல்வதற்கு நான்கு வார்த்தை போதும். ஆனால் ஹெர்ப்பின் காதில் விழுவது சாயங்காலத்துக்குள் தபால் நிலையத்துக்குப் போய்விடும். மார்சியாவின் காதில் விழுவது வேறு. கணவருக்கு மூக்கு போய் ஏழு மாதம் ஆகிறது, தன்னிடம் சொல்லாமலே ஒவ்வொரு பீப்பாயையும் குருட்டடியாக அனுப்பியிருக்கிறார் என்று அவள் ஊரார் முன்னால் தெரிந்துகொள்ளவேண்டுமா? உண்மைதான் என்றாலும் அதைச் சபையில் போட்டால் அடி விழுவது ஒருவருக்குத்தான்.

லோரனுக்கும் ஒரு காலத்தில் நாக்கு செத்துப்போயிருந்தது.

கெல்சி அந்தக் கேள்வியைக் கேட்ட அடுத்த மார்ச்சில் அவள் அம்மா டயான் இறந்தாள். சாலையில் பனி உறைந்திருந்த காலைநேரம். அடக்கம் முடிந்து பத்தாம் நாள் லோரன் வேலைக்குத் திரும்பினார். துளைக்கோலை இறக்கி வெண்ணெயை எடுத்து வாயில் வைத்தார். மெழுகு. அடுத்த பெட்டியும் மெழுகு. உப்பு மட்டும் எங்கேயோ தூரத்தில் தெரிந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. ருசி பார்க்கத் தெரியாத தரப் பரிசோதகருக்கு அந்த ஆலையில் என்ன இடம்? வீட்டில் ஆறு வயதுப் பெண் இருந்தாள். நிறத்தைப் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து, எல்லாப் பெட்டிகளையும் வரிசைக்கு அனுப்பினார். ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

ஒரு வாரம் கழித்துத்தான் அதைப் பார்த்தார். முந்தின நாள் அவர் தேற்றி அனுப்பிய பெட்டிகளில், இடது மூலையில் அவருடைய துளை இருந்தது. வலது மூலையில் இன்னொன்று. பதமாக மூடித் தடவியிருந்தது. தடவிய அடையாளம் தட்டையாக, குட்டையாக, நகக்கீறல் இல்லாமல் இருந்தது. ருடியின் வலது கட்டைவிரலை முதல் கணுவரை இயந்திரம் தின்றுவிட்டிருந்தது. அப்படித் தடவக்கூடிய விரல் ஆலையில் வேறு யாருக்கும் இல்லை. வரிசையில் இரண்டு பெட்டிகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன.

லோரன் உப்பு மூட்டை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஏழு வாரம் அது நடந்தது. தினமும் மதியம் இருவரும் ஒரே பெஞ்சில் ரொட்டி தின்றார்கள். மான் வேட்டையைப் பற்றியும் யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பதையும் பேசினார்கள். துளையைப் பற்றி ருடி வாயைத் திறக்கவில்லை. மே மாதம் மாடுகள் மேய்ச்சலுக்கு இறங்கிய முதல் வாரத்தில் ஒரு பெட்டியைத் துளைத்த லோரனின் நாக்கில் காட்டு வெங்காயம் சுரீர் என்று அடித்தது. புல்லோடு சேர்த்து மாடு தின்ற வெங்காயம். அவருக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெட்டியைத் தானே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். அந்த வழியாகப் போன ருடி, திரும்பியிருந்த பெட்டியைப் பார்த்தார், சீழ்க்கை அடித்துக்கொண்டே போய்விட்டார். மறுநாளிலிருந்து வலது மூலையில் துளை இல்லை.

லோரன் நன்றி சொன்னதில்லை. சொன்னால் அப்படி ஒன்று நடந்தது என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ருடி அவ்வளவு பக்குவமாக மூடிவைத்ததைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை.

“ருடி, தொட்டியில இந்த லாகர் மிச்சம் இருக்கா?” என்றார்.

“பாதித் தொட்டி இருக்கு. ஏன்?”

“தொட்டியிலேருந்து நேரா குடிச்சு நாளாச்சு.”

“டேப்புல வர்றதுக்கு என்ன குறைச்சல்?”

“ஒண்ணுமில்லப்பா. ஆசையா இருக்கு.”

ருடி அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். தொட்டிகளுக்கு நடுவில் ஈரத் தரையும் மால்ட் வாசனையும் இயந்திரத்தின் ரீங்காரமுமாக இருந்தது. ஒவ்வொரு தொட்டியின் கொக்கியிலும் தடித்த அட்டை ஒன்று தொங்கியது. ருடியின் கோணல் எழுத்தில் தேதியும் சூடும் எழுதியிருந்தது. அவர் சின்ன டேப்பின் வாயில் சாராயம் தெளித்துத் துடைத்துவிட்டு, கோப்பையில் இரண்டு விரல் அளவு பிடித்து நீட்டினார்.

லோரன் மோந்தார். ரொட்டியின் மேல்தோல். காய்ந்த புல். குடித்தார். சுத்தமாக, கொஞ்சம் கசந்து, நாக்கைத் துடைத்துவிட்டுப் போயிற்று. வெண்ணெய் இல்லை. துளிகூட இல்லை.

பீர் நன்றாக இருக்கிறது. குளிரறையிலிருந்து டேப்புக்குப் போகும் ஹோஸில்தான் கிருமி உட்கார்ந்திருக்கிறது.

“ஹோஸெல்லாம் எப்பக் கழுவின?” என்று கேட்டார், சும்மா கேட்பதுபோல.

“வியாழக்கிழமை. ஒண்ணு விடாம. நம்ம ஆலையில செய்வோமே, அதே மாதிரி. கடைசித் தண்ணி விட்டு, நுனியை மோந்து பாத்து…” ருடியின் குரல் மெதுவாயிற்று. “ஒரு வாசனையும் இல்ல.”

அது அவர்கள் ஆலையின் சட்டம். கழுவிய குழாயின் வாயில் மூக்கை வைக்கவேண்டும். வாசனை வந்தால் மறுபடியும் கழுவவேண்டும், வராவிட்டால் சுத்தம். அளவுகருவி ஏதும் அதற்கு ஈடில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

“எந்த ஹோஸ்லயும் ஒரு வாசனையும் இல்ல” என்றார் ருடி மறுபடியும். இந்தத் தடவைதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. குட்டைக் கட்டைவிரலால் தொட்டியின் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டார். இருவரும் தரையில் இருந்த வடிகாலைப் பார்த்தபடி நின்றார்கள். லோரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“ருடி!” மார்சியாவின் குரல் உயர்ந்து வந்தது. “அவங்க வந்துட்டாங்க! முன்னாடியே வந்துட்டாங்க!”

ருடியின் முகம் சாம்பலாகியது. “மூணு மணிதானே ஆகுது” என்றார். தோள்துணியை எடுத்து, எதற்கு என்று தெரியாமல் கைகளைத் துடைத்தார். லோரனைப் பார்த்தார். பார்வையில் கேள்வி இருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு முன்பக்கம் போனார்.

லோரன் குளிரறைக் கதவை இழுத்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார்.

மூச்சு புகையாக வந்தது. பீப்பாய்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் ஒரு ஹோஸ் போய்ச் சுவரில் இருந்த திருகில் சேர்ந்தது. திருகுக்கு அந்தப்பக்கம்தான் டேப்கள். ஒவ்வொரு ஹோஸிலும் ஓர் எண்ணைக் கம்பியால் கட்டியிருந்தார் ருடி. ஐந்தாம் எண் ஹோஸ் மட்டும் பீப்பாய் இல்லாமல் கொக்கியில் தொங்கியது. நேற்று வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு வந்த கூட்டம் சிவப்பு பீரைத் தீர்த்துவிட்டிருந்தது; அந்த ஹோஸை ருடி கழுவித் தண்ணீரோடு தொங்கவிட்டிருந்தார்.

சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு பெண்ணின் குரலும் ஓர் இளைஞனின் குரலும் கேட்டன. ஹெர்ப் அவர்களுக்குப் பித்தளைக் கம்பத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். ஹெர்ப் சொன்னால் பத்து நிமிடம் ஆகும். வாழ்க்கையில் முதல் தடவையாக லோரன் அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

ஐந்தாம் ஹோஸின் நுனியை மோந்தார். ஒன்றுமில்லை. குளிர்ந்த தண்ணீர். மறுபடியும் மோந்தார். ஒன்றுமில்லை என்பது சுத்தமா, இல்லை தன் மூக்கும் குளிரில் மரத்துவிட்டதா? நீ நல்லா இருக்கியான்னு யாருப்பா பாக்குறா? மூன்றாம் ஹோஸை லாகர் பீப்பாயிலிருந்து கழற்றி அதன் வாயில் மூக்கை வைத்தார். வெண்ணெய், கூடவே புளிப்பு, குமட்டியது. மூக்கு உயிரோடுதான் இருக்கிறது. “ஆண்டவரே, கையை நடுங்கவிடாதீர்” என்றார். வேறு ஜெபம் வரவில்லை.

ஐந்தாம் ஹோஸின் தலையை லாகர் பீப்பாயில் வைத்துத் திருகினார். மறுநுனியைச் சுவரிலிருந்து கழற்றி ஒரு வாளிக்குள் பிடித்து, முதலில் தண்ணீர், பிறகு கலங்கல், பிறகு தெளிந்த பீர் வரும்வரை ஓடவிட்டார். உள்ளங்கையில் ஏந்தி நக்கிப் பார்த்தார். ரொட்டித்தோல். சுவரில் மூன்றாம் திருகின் வாயைச் சின்னத் தூரிகையால் தேய்த்துத் துடைத்து, மருந்து தெளித்து, ஹோஸைப் பொருத்தி முடுக்கினார். விரல்கள் விறைத்துவிட்டிருந்தன. கெட்ட ஹோஸைச் சுருட்டி, கழுவும் காரம் கலந்த தண்ணீர் வாளிக்குள் அமுக்கினார்.

கம்பியில் தொங்கிய எண் ஐந்து. அதைக் கழற்றி மூன்றை மாட்டிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். கை போயிற்று, நின்றது. ருடி துளையை மூடினாரே தவிர விரலடையாளத்தை அழிக்கவில்லை. லோரன் எண்ணை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

வந்தவள் பெயர் ரெனே. நரைத்த குட்டை முடி, உதட்டுச்சாயம் கிடையாது. நாக்கால் பிழைப்பவர்கள் பூசமாட்டார்கள் என்று லோரனுக்குத் தெரியும். கூட வந்த இளைஞன் கையில் குறிப்பேடு. ருடி மூன்றாம் டேப்பின் பித்தளை மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு துடிப்பது லோரனின் முக்காலியிலிருந்தே தெரிந்தது.

முதல் கோப்பையை ருடி கொட்டிவிட்டார். அது அவர் வழக்கம். இரண்டாவதைப் பிடித்து ரெனேயின் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு, இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லாவின் மரத்தைப் பார்த்தார்.

ஹெர்ப் தன் குவளையையும் நீட்டினார். ருடி நிரப்பிக் கொடுத்தார். ரெனே மூக்கருகே கோப்பையை வைத்துக் கண்ணை மூடிய சமயம் பார்த்து ஹெர்ப் ஒரு மடக்குக் குடித்துவிட்டு உரக்கச் சொன்னார்.

“என்னய்யா இது, பாப்கார்ன் போயிடுச்சே!”

ரெனே கண்ணைத் திறந்தாள். “பாப்கார்னா?”

இளைஞனின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. ருடியின் கை கல்லாவின்மேல் விரிந்தபடி அசையாமல் இருந்தது.

“அவர் பேச்சைக் கேக்காதீங்க” என்றாள் மார்சியா, சீஸ் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தியபடி. “போன வாரம் பல்லுல மாட்டுன பாப்கார்ன் இன்னிக்குத்தான் விட்டிருக்கும்.”

ஹெர்ப்பே முதலில் சிரித்தார். இளைஞன் சிரித்தான். ரெனே சிரிக்கவில்லை. அவள் மறுபடியும் மோந்தாள். ஒரு வாய் எடுத்து நாக்கில் நிறுத்தினாள். லோரன் தன் பலகையின் குழிகளை விரலால் எண்ணினார். நான்கு. மறுபடியும் நான்கு. அவள் இன்னொரு வாய் எடுத்தாள். வெளியே ஒரு லாரி போகிற சத்தம் தேய்ந்து மறைந்தது.

“சுத்தமா இருக்கு” என்றாள் ரெனே. “இப்படிக் குறையை ஒளிச்சு வைக்க இடமே இல்லாத பீரைக் காய்ச்சுறதுதான் கஷ்டம். ஒவ்வொரு தடவையும் இதே மாதிரி வரணும், அதான் எங்களுக்கு முக்கியம். உங்க இடத்துல ருசி பாக்குறது யாரு?”

ருடி நிமிர்ந்தார். ஹெர்ப்பின் குவளையைப் பார்த்தார். குளிரறைக் கதவைப் பார்த்தார். லோரன் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

“ரெண்டு பேர்” என்றார்.

மார்சியா தட்டிலிருந்து தலையைத் தூக்கிக் கணவரைப் பார்த்தாள். இளைஞன் அதைக் குறித்துக்கொண்டான். அடுத்த தொட்டியிலிருந்து மூன்று வாரம் கழித்து மாதிரி அனுப்பச் சொன்னார்கள். அதுவும் இப்படியே இருந்தால் பேசலாம் என்று ரெனே கை கொடுத்தாள்.

கார் போனதும் ருடி குளிரறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. லோரன் தன் கோதுமை பீரை மெதுவாகக் குடித்தார். ஹெர்ப் பேசிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து வெளியே வந்த ருடியின் கண்ணோரம் சிவந்திருந்தது. குளிர்தான் என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம். அவர் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கல்லாவைத் துடைத்துக்கொண்டே லோரனுக்கு எதிரில் வந்து நின்றார்.

“செவ்வாய்க்கிழமை காலையில நானும் மார்சியாவும் மால்ட் எடுக்கப் போயிடுவோம். ஆறு மணிக்கே. போற வழியில அவகிட்ட ஒரு விஷயம் பேசணும்.” துணி வட்டம் போட்டது. “இந்தப் பின்கதவுப் பூட்டு ஒண்ணு… சரியா விழமாட்டேங்குது.”

“வந்து பாக்குறேன்” என்றார் லோரன்.

“செவ்வாய் செவ்வாய் தகராறு பண்ணுது.”

“சரி. செவ்வாய் செவ்வாய் பாக்குறேன்.”

செவ்வாய்க்கிழமை விடிந்து ஏழு மணிக்கு லோரன் தேவாலய உலையை மூட்டிவிட்டு, இரண்டு தெரு நடந்து வந்தார். வாசலில் ருடியின் வண்டி இல்லை. புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. பின்கதவு தள்ளியதும் திறந்துகொண்டது.

உள்ளே யாரும் இல்லை. தொட்டிகளின் ரீங்காரம் மட்டும் இருந்தது. மேசையில் வெந்நீர்ச் சட்டி மிதமான சூட்டில் இருந்தது. அதற்குள் மூடிபோட்ட இரண்டு கோப்பைகள், ஒன்றில் முதல் தொட்டியின் எண், மற்றதில் இரண்டாம் தொட்டியின் எண். பீரை இப்படிச் சூடாக்கி வைத்தால் உள்ளே பதுங்கியிருக்கும் வெண்ணெய் மேலே வந்துவிடும். பக்கத்தில் ஒரு பென்சில். கடிதம் எதுவும் இல்லை. லோரனும் எதிர்பார்க்கவில்லை.

தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கோப்பைகளைக் குளிர்ந்த நீரில் ஆறவிட்டார். முதல் கோப்பையின் மூடியை நீக்கி மோந்தார். ரொட்டி, புல். ஒரு வாய் வைத்து வடிகாலில் துப்பினார். முதல் தொட்டியில் தொங்கிய அட்டையின் இடது மூலையில் ருடி ஒரு சரிக்குறி போட்டிருந்தார். லோரன் பென்சில் முனையை அட்டையின் வலது மூலையில் அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றினார். சின்னத் துளை விழுந்தது. பின்பக்கம் எழும்பிய பிசிரைக் கட்டைவிரலால் தடவி அமர்த்தினார்.

இரண்டாவது கோப்பை. மூக்கருகே கொண்டுபோனார். நிறுத்தினார். மறுபடியும் கொண்டுபோனார். மெலிதாக, தூரத்தில் ஒரு சமையலறைக் கதவு திறந்து மூடியதுபோல, அது இருந்தது. இன்னும் நான்கைந்து நாள் ஈஸ்ட்டோடு கதகதப்பில் கிடந்தால் சரியாகிவிடும்.

கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தார். சட்டியின் அடுப்பை அணைத்தார். போகிற வழியில் இரண்டாம் தொட்டியின் அருகே நின்று, கொக்கியில் தொங்கிய அட்டையை எடுத்து, எழுத்து தொட்டியைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினார்.

பின்கதவைச் சாத்தியபோது பூட்டு ஒரே தள்ளலில் சுத்தமாக விழுந்தது. உள்ளே, எஃகைப் பார்த்தபடி அந்த அட்டை கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.